எந்தக் களையைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது?

தோட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆன ஒருவர் கேட்ட கேள்வி இது: “முதல் ஆண்டு, நான் நடாத ஒரு செடியையும் பாத்தியில் விட்டுவைக்கவில்லை. மண் இறுகிப்போனது, களையும் குறையவில்லை. இரண்டாம் ஆண்டு எதையும் தொடாமல் விட்டேன். நட்ட செடிகளையே தேட வேண்டியதாயிற்று. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு வழி உண்டா?”

உண்டு. ஆனால் அதைப் பெயர்ப் பட்டியலாகத் தர இயலாது. இவை தீய செடிகள், இவை நல்ல செடிகள் என்று பிரித்து எழுதப்படும் பட்டியல் எதுவாயினும், அதை எழுதியவருடைய மண்ணுக்கும் பருவத்துக்கும் மட்டுமே முழுமையாகப் பொருந்தும். களை என்ற சொல்லே களைதல் என்ற வினையோடு பிறந்தது. அது செடியின் இயல்பைப் பற்றி எதுவும் கூறாமல், அதை நாம் என்ன செய்ய எண்ணினோம் என்பதை மட்டும் கூறுகிறது. அந்த எண்ணத்துக்கு வருமுன் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும் என்பேன்: அந்தச் செடி எவ்வாறு பெருகுகிறது, இப்போது எதன் அருகில் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்து என்ன வரும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. முதல் ஆண்டில் உங்கள் மண் இறுகியதற்கும் களை ஓயாமல் வந்ததற்கும் அதுவே காரணம்.

பெருகும் விதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முடிவின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தோட்டத்துக் களைகளில் ஒரு கூட்டம் மண்ணுக்கடியில் கிழங்காகவோ வேர்த்தண்டாகவோ, மண்மேல் ஓடும் தண்டாகவோ தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. மற்றொரு கூட்டம் விதையை மட்டுமே நம்பி வாழ்கிறது. முதல் கூட்டத்தைச் சேர்ந்த செடியைப் பயிரிடும் பாத்தியில் ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாம் கூட்டத்தைப் பற்றி அத்தனை கடுமையாக நான் சொல்லமாட்டேன்.

கோரையை எடுத்துக்கொள்வோம். வெப்பமான நாடுகள் எங்கும் பரவியிருக்கும் இதனை உலகின் மிகக் கொடிய களை என்றே களையியலாளர்கள் பலர் குறிப்பிடுகின்றனர். நம் கண்ணில் படுவது பளபளப்பான இலைகளும் முக்கோண வடிவத் தண்டும்தான். அதன் உயிர் கீழே, நூல் போன்ற வேர்த்தண்டுகளால் சங்கிலியாகக் கோக்கப்பட்ட சிறு கிழங்குகளில் இருக்கிறது. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை, அதன் நுனிக் கிழங்கு மற்றக் கிழங்குகளை முளைக்கவிடாமல் அடக்கிவைத்திருக்கும். தலையைப் பிடித்து இழுத்தால் இலைகள் கையோடு வந்துவிடும், சங்கிலி மண்ணுக்குள் அறும், அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தலைநீட்டும். மண்வெட்டியால் கொத்தினாலும் இதுவேதான் நடக்கும். நான் தோட்டவேலை கற்ற தொடக்கத்தில், ஒரே பாத்தியில் ஆங்காங்கே நின்ற கோரையை ஆழக் கொத்திப் புரட்டினேன். அந்த மண்ணிலேயே கொஞ்சத்தை அள்ளிப் பக்கத்துப் பாத்திகளையும் நிரவினேன். அடுத்த பருவத்தில் மூன்று பாத்திகளிலும் கோரை நின்றது. அதைக் கட்டுக்குள் கொண்டுவர எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

கோரையை வெல்லும் வழி அதன் சேமிப்பைக் கரைப்பதில் இருக்கிறது. முளை வெளியே வந்து ஏறத்தாழ 3 வாரங்களில் அது புதிய கிழங்குகளை உருவாக்கத் தொடங்கிவிடும். 5 அல்லது 6 இலைகள் விரிவதற்குள், சிறு களைக்கொத்தால் கிழங்கோடு நெம்பி எடுத்துவிட்டால், பழைய கிழங்கு செலவழித்த சத்துக்கு ஈடாக அதற்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. வளரும் பருவத்தில் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சுற்றும் தவறாமல் இதைச் செய்ய வேண்டும். இரண்டு சுற்றுகள் தவறினால் முன்பு செய்த வேலை வீணாகிவிடும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதும் நமக்குச் சாதகமான செய்தி. அகன்ற இலைகளோடு அடர்ந்து படரும் பயிரை அந்தப் பாத்தியில் ஒரு பருவம் முழுவதும் வளர்ப்பது, களைக்கொத்து செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும். நெகிழித்தாளை விரித்து மூடினால் போதும் என்று நினைப்பவர்கள், கோரையின் ஊசிமுனை போன்ற முளை அந்தத் தாளைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதைப் பார்த்து ஏமாற நேரிடும்.

அருகம்புல்லும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதன் ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய செடி என்பதை நினைவில் வைத்தால், அதை வெட்டி விடுவதற்கும் வேரோடு உருவி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பாத்தியின் ஓரத்தில் புல்தரை இருந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு சாண் அகலத்துக்கு வெற்றுப் பட்டை ஒன்றை விட்டு, அதைத் தாண்டி வரும் ஓடுதண்டுகளை வாரந்தோறும் பார்த்து நறுக்குவது போதுமானது. புல்தரையில் அதே அருகம்புல் மண்ணைக் காக்கும் செடி. அங்கே அதைத் தொட வேண்டியதில்லை.

இனி விதையால் பெருகும் களைகள். இவற்றின் வலிமை, மண்ணுக்குள் காத்திருக்கும் திறன். 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர், பலவகைச் செடிகளின் விதைகளை ஈரமணலோடு கலந்து, 20 குப்பிகளில் இட்டு மண்ணில் புதைத்தார். களை விதைகள் எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்று அறிவதே அவர் நோக்கம். அவருக்குப் பின் வந்தவர்கள் நீண்ட இடைவெளிகளில் ஒவ்வொரு குப்பியாகத் தோண்டி எடுத்து முளைக்கவைத்துப் பார்த்து வருகிறார்கள். 2021இல் எடுத்த குப்பியிலிருந்தும், புதைத்து 141 ஆண்டுகள் கடந்த பின், சில விதைகள் முளைத்தன. எல்லாக் களைகளும் இப்படி நீண்டு வாழ்வதில்லை. பெரும்பாலான விதைகள் சில ஆண்டுகளிலேயே அழுகியோ, எறும்புக்கும் பூச்சிக்கும் இரையாகியோ அழிந்துவிடும். புதிதாக விதை விழாமல் பார்த்துக்கொண்டால் மண்ணிலுள்ள இருப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்பதும், ஒரே ஒரு பருவம் அசட்டையாக விட்டால் அந்த இருப்பு மறுபடியும் நிரம்பிவிடும் என்பதும் இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை. நன்கு வளர்ந்த கீரை இனத்துக் களை ஒன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடியது.

ஆகவே விதைக்களைகளுக்கு நான் வைக்கும் கெடு மொட்டு. மொட்டு தோன்றும்வரை அந்தச் செடி மண்ணுக்கு நிழல் தரட்டும், வேரால் மண்ணைப் பிடித்துவைக்கட்டும், பூச்சிகளுக்கு இடம் கொடுக்கட்டும். மொட்டு தோன்றியபின் அதை எடுத்துவிட வேண்டும், அல்லது பூவை விரியவிட்டு விதை முற்றுமுன் கிள்ளிவிட வேண்டும். இரண்டாவது வழிக்குத் தினமும் தோட்டத்தில் நடப்பவரால் மட்டுமே ஈடுகொடுக்க முடியும். வாரத்துக்கு ஒருமுறை வருபவர் மொட்டோடு எடுத்துவிடுவதே நல்லது.

மொட்டு என்ற கெடு பொருந்தாத செடிகளும் உண்டு. பார்த்தீனியத்தை எங்கே கண்டாலும், எந்த வயதில் கண்டாலும் எடுத்துவிட வேண்டும். அது முளைத்த 4 முதல் 8 வாரங்களுக்குள் பூத்துவிடும். அதன் மகரந்தமும் இலை மயிர்களும் தோலில் அரிப்பையும் தடிப்பையும், சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்கும். அதன் உடலிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள பிற செடிகளின் முளைப்பையும் தடுக்கும். கையுறை அணிந்து, முழுக்கைச் சட்டையோடு, பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். பூத்தபின் எடுக்க நேர்ந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை முன்பு இல்லாதவருக்கும் தொடர்ந்து தொடத் தொடப் பின்னாளில் வரக்கூடும் என்பதால், எனக்கு ஒன்றும் செய்வதில்லை என்று வெறுங்கையால் பிடுங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலை உண்டாகிறது.

இலையில்லாமல் மஞ்சள் நூலைப்போலச் செடிகளைச் சுற்றிப் படரும் அம்மையார் கூந்தலும் அப்படிப்பட்டதே. முளைத்துத் துணைச்செடியைப் பற்றியபின் அதற்கு வேரே இல்லை. தான் சுற்றிய தண்டுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்தி அதன் சாற்றிலேயே வாழும். நூலை மட்டும் உருவினால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு மீண்டும் வளரும். அது பற்றிய கிளையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடுவதே பாதுகாப்பு. நெருஞ்சியை, நடக்கும் வழியில் காலில் குத்தும் என்ற ஒரு காரணத்துக்காகவே, காய்ப்பதற்கு முன் எடுத்துவிடலாம்.

அடுத்தது, அது எதன் அருகில் நிற்கிறது என்பது. நாற்று நட்ட அல்லது விதை முளைத்த முதல் சில வாரங்களில் பயிருக்கும் களைக்கும் இடையிலான போட்டியே விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குறுகிய காலக் காய்கறிகளில், பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். அந்த நாட்களில் நாற்றைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குள் எந்தச் செடியும் நிற்கக் கூடாது. அது எத்தனை பயனுள்ள செடியானாலும் சரி. பயிர் வளர்ந்து தன் இலைகளால் மண்ணை மூடிய பின் முளைக்கும் களை, பெரும்பாலும் நிழலில் மெலிந்து நிற்குமே தவிர விளைச்சலைக் குறைப்பதில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர், நட்ட முதல் மாதத்தில் கடுமையாக உழைத்துப் பின்னர் கையைத் தளர்த்திக்கொள்வார். பலர் இதற்கு நேர்மாறாக, பயிர் சிறிதாக இருக்கும்போது களையும் சிறிதுதானே என்று விட்டுவிட்டு, இரண்டும் பெரிதானபின் பிடுங்கத் தொடங்குகிறார்கள். அப்போது களையோடு பயிரின் வேரும் சேர்ந்து அசைகிறது.

உறவையும் பார்க்க வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகளுக்கு நோய்களும் பூச்சிகளும் பெரும்பாலும் பொதுவானவை. தானாக முளைத்த மணத்தக்காளி, தக்காளிக்கும் கத்தரிக்கும் உறவு. அவற்றைத் தாக்கும் வாடல் நோய்க்கிருமியும் வேர்முடிச்சு நூற்புழுவும் மணத்தக்காளியின் வேரிலும் வாழும். தக்காளிப் பாத்தியில் அதை எடுத்துவிட வேண்டும். தொலைவில் வேறொரு மூலையில் அது நிற்பதில் எனக்கு மறுப்பில்லை. இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரியும் களையைக் கண்டால், அது எந்த இனமானாலும், அன்றே அப்புறப்படுத்துங்கள். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி அதில் குடியிருக்கக்கூடும். அடுத்து அந்த ஈ உங்கள் பயிரில்தான் உட்காரும்.

இப்போது, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு செடியைப் பிடுங்கிய இடம் வெறுமையாக இருப்பதில்லை. மண்ணைக் கிளறும்போது, அடியில் இருட்டில் கிடந்த விதைகள் மேலே வருகின்றன. களை விதைகள் பலவற்றுக்கு ஒரு கணம் படும் வெளிச்சமே முளைப்பதற்கான அழைப்பாகிவிடுகிறது. மூடியில்லாத மண்மீது மழைத்துளி நேரடியாக விழுந்து மண்துகள்களைச் சிதறடிக்க, அவை நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல இறுகுகின்றன. உங்கள் முதலாண்டின் அனுபவம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். நீங்கள் எடுத்த ஒவ்வொரு களையும் அடுத்த களைக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்தது; அத்தனை உழைப்பும் அப்படிக் கரைந்தது எண்ணி வருந்தத்தக்கது. ஆகவே, எடுத்த இடத்தை அன்றே எதைக் கொண்டு மூடப்போகிறேன் என்பதற்கு விடை இல்லாதபோது, தீங்கில்லாத ஓராண்டுக் களையை எடுக்காமல் இருப்பதே மேல்.

மூடுவதற்குப் பயிரின் நெருக்கமே முதல் வழி. அது இயலாத இடத்தில் காய்ந்த இலை, வைக்கோல், வெட்டிய புல் ஆகியவற்றை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். அதற்கும் மெல்லியதாக இட்டால் வெளிச்சம் உள்ளே புகும்; செடியின் தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். மூடாக்குக்கு விதை முற்றிய புல்லைப் பயன்படுத்துவது, களையை நாமே விதைப்பதற்குச் சமம்.

தீங்கில்லாத களை என்று நான் சொல்வது எவை என்று கேட்பீர்கள். புளியாரையை நான் பாதை ஓரத்திலும் மரங்களின் அடியிலும் விட்டுவைக்கிறேன். தாழ்வாகப் படர்ந்து மண்ணை மூடும் அந்தச் சிறு செடியின் இலையைத் தின்று வளரும் நீல நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்று உண்டு. புளியாரை இல்லாத தோட்டத்தில் அது முட்டையிட வழியில்லை. ஆனால் அதன் காய்கள் வெடித்து விதையைச் சிதறடிக்கும் என்பதால் நாற்றங்காலிலும் தொட்டிகளிலும் அதற்கு இடமில்லை. கிணற்றடிப்பூண்டு ஆண்டின் பெரும்பகுதி பூக்கும்; வேறு பூக்கள் இல்லாத வறண்ட நாட்களில் சிறு தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அது தேன் தருகிறது. பயிரைத் தின்னும் புழுக்களின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகளுக்கும், வளர்ந்தபின் உணவு தேன்தான். இப்படிப்பட்ட பூக்கள் அருகில் இல்லையென்றால் அவை உங்கள் தோட்டத்தில் தங்கமாட்டா. கிணற்றடிப்பூண்டின் விதை காற்றில் பறக்கும் என்பதால், பூ வாடியதும் தலையைக் கிள்ளும் பொறுமை உள்ளவர் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். தும்பைக்கு நான் இன்னும் தாராளமாக இடம் கொடுப்பேன்.

தானாக முளைக்கும் அவரைக் குடும்பச் செடிகளைப் பிடுங்குமுன் ஒன்றை மட்டும் மெல்லத் தோண்டி வேரைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருந்து, ஒன்றை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அங்கே பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய செடியை மொட்டுவரை வளரவிட்டு, தரையோடு வெட்டி, தழையை அந்த இடத்திலேயே பரப்பி, வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது. இங்கே எச்சரிக்கையாக ஒன்று: இந்தக் களை முளைத்தால் மண்ணில் இன்ன சத்து குறைவு என்று உறுதியாகக் கூறப்படும் செய்திகளை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரே செடியைக் கொண்டு மண்ணைக் கணிக்க முடியாது. ஒரே இடத்தில் கோரை இனங்களும் பாசியும் மற்ற ஈரம் விரும்பிச் செடிகளும் சேர்ந்து நின்றால் அங்கே நீர் தேங்குகிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் அறிய மண் பரிசோதனையே வழி.

எடுப்பது என்று முடிவு செய்தபின் எவ்வாறு எடுப்பது என்பதும் முடிவின் ஒரு பகுதியே. கிழங்கும் வேர்த்தண்டும் உள்ளதை வேரோடு தோண்ட வேண்டும். ஓராண்டுக் களையைப் பயிரின் அருகில் இழுப்பதைவிட, தரைமட்டத்தில் கத்தரித்துவிடுவது பயிரின் வேருக்கு நல்லது. முளைத்த சில நாட்களே ஆன களைகளை வெயில் நாளில் களைக்கொத்தால் மேலோட்டமாக, ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டாலே அங்கேயே காய்ந்துவிடும். அதற்குக் கீழே போவது உறங்கும் விதைகளை எழுப்பும். பருப்புக்கீரையிடம் மட்டும் இந்த முறை பலிக்காது. அதன் சதைப்பற்றான தண்டு பிடுங்கிய பின்னும் நாட்கணக்கில் உயிரோடு இருந்து, ஈர மண்ணில் பட்டால் வேர்விடும், பூத்திருந்தால் விதையையும் முற்றச் செய்துவிடும். அதைப் பாத்தியிலிருந்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

பிடுங்கியவற்றை எங்கே போடுவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். விதை இல்லாத தழை முழுவதும் மட்குக் குவியலுக்குப் போகலாம். விதை முற்றியதை, குவியலின் நடுப்பகுதி பல நாட்கள் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். சிறிய குவியல்கள் அந்த வெப்பத்தை எட்டுவது அரிது. கோரைக் கிழங்கையும் அருகம்புல் தண்டையும் குவியலில் போடவே வேண்டாம். சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ பரப்பி, நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காயவைத்த பின் சேர்த்தால் கெடுதல் இல்லை.

கடைசியாக, என்னவென்றே தெரியாத ஒரு முளையைப் பார்க்கும்போது செய்ய வேண்டியது. நீங்கள் விதைத்த பாத்தியாக இருந்தால், வரிசையில் நிற்பதை விட்டு, வரிசைக்கு வெளியே நிற்பதை எடுங்கள். எடுத்தவற்றில் ஒன்றை மட்டும் ஒரு சிறு தொட்டியில் நட்டு, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அது இலை விரித்து, மொட்டு விடும்போது பெயரைத் தேடுவது எளிதாகிவிடும். அதன் வேரையும், அது விதை பரப்பும் விதத்தையும் அந்தத் தொட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். உறுதியாக அடையாளம் தெரியும்வரை அதை வாயில் வைக்க வேண்டாம், ஒன்றைப்போலவே தோற்றமளிக்கும் நச்சுச் செடிகள் உண்டு. இப்படி ஒரு பருவத்தில் நான்கைந்து செடிகளை அறிந்துகொண்டால், உங்கள் தோட்டத்தில் மீண்டும் மீண்டும் வருபவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஏனெனில் ஒரு சிறு தோட்டத்தை நிரப்பும் களை இனங்கள் பார்ப்பதற்குத் தோன்றுமளவுக்கு அதிகமல்ல. இந்த மாதம் கோரை இருக்கும் பாத்தியிலிருந்து தொடங்குங்கள். பாதையோரத்தை அடுத்த மழை முடியும்வரை தொடாமல் விட்டு, அங்கே எவை பூக்கின்றன, எந்தப் பூச்சிகள் வருகின்றன என்று பார்த்து வாருங்கள்.